உடல் சொல்லும் துயரம்: ஈழ அகதிகளின் உடல்வலியைப் புரிந்துகொள்ள



துயரத்தைச் சொல்ல நம் தமிழ் மொழி எப்போதும் உடலைத் துணைக்கு அழைக்கிறது. அநியாயத்தைக் கண்டால் ‘வயிறு எரிகிறது’ என்கிறோம். கெட்ட செய்தி வந்தால் ‘ஈரக்குலை நடுங்கிப் போச்சு’ என்கிறோம். பயம் வந்தால் ‘வயிற்றில் புளியைக் கரைக்கிறது’. கடன் ஏறினால் ‘தலை வெடிக்கிறது’. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ‘நெஞ்சடைத்துப் போகிறது’. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் பண்ருட்டிப் பகுதியின் பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தபோது, விவசாயிகள் தங்கள் மனதைப் பற்றிப் பேசவில்லை. வயிற்றையும் நெஞ்சையும் பற்றித்தான் பேசினார்கள்.

இவை வெறும் பேச்சு வழக்குகள் மட்டும்தானா? இல்லை என்கிறது இன்றைய மருத்துவம். மனம் தாங்க முடியாத பாரத்தை உடல் உண்மையிலேயே சுமக்கிறது. இந்த உண்மை மிகத் தெளிவாகத் தெரிவது, ஊரையும் உறவையும் இழந்து அகதிகளாக வந்தவர்களின் வாழ்வில்தான். ஆறாத தலைவலி, தீராத முதுகுவலி, காரணம் தெரியாத மயக்கம், நெஞ்சுப் படபடப்பு என்று இவர்கள் மருத்துவமனை மருத்துவமனையாக அலைகிறார்கள். ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலோடு திரும்புகிறார்கள். இந்த ‘ஒன்றுமில்லை’க்குப் பின்னால் என்னென்ன இருக்கின்றன என்று இக்கட்டுரையில் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

மெய்ப்பாடு என்னும் பழஞ்சொல்

மனத்துயரம் உடல் உபாதையாக வெளிப்படுவதை மருத்துவர்கள் ‘சொமாட்டைசேஷன்’ என்கிறார்கள். நம் மொழியில் இதற்குப் பொருத்தமான ஒரு சொல் ஈராயிரம் ஆண்டுப் பழமையானது: மெய்ப்பாடு. உள்ளத்து உணர்வு மெய்யில், அதாவது உடலில், படுவது மெய்ப்பாடு. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் இதற்கென்று ஓர் இயலையே ஒதுக்கி, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை வகைப்படுத்துகிறது. உள்ளமும் உடலும் தனித்தனி வீடுகள் அல்ல என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். திருவிவிலியத்தின் திருப்பாடல்களிலும் துன்புறுகிறவர் தம் எலும்பு தளர்வதையும், தொண்டை வறள்வதையும், கண் மங்குவதையும் சொல்லித்தான் இறைவனிடம் முறையிடுகிறார்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். மெய்ப்பாடு என்பது நடிப்பு அல்ல, கற்பனையும் அல்ல. வலி உண்மையான வலி. அதன் வேர் மட்டுமே நாம் தேடும் இடத்தில் இல்லாமல் இருக்கலாம். முன்பு, பரிசோதனையில் காரணம் கண்டறிய முடியாத உபாதைகளையே மருத்துவர்கள் இந்தப் பிரிவில் சேர்த்தார்கள். 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவ வகைப்பாடான டி.எஸ்.எம்-5 இந்த நிபந்தனையைக் கைவிட்டது. உடல் நோய் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி பின்னுக்குப் போய், அந்த உபாதை ஒருவரின் எண்ணத்தையும் அன்றாட வாழ்வையும் எவ்வளவு ஆட்டிப் படைக்கிறது என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. உடல் நோயும் மனத்துயரமும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம் என்பதை இது ஒப்புக்கொள்கிறது.

நம் அருகில் வாழ்பவர்கள்

1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு, படகுகளில் இராமேசுவரம் கரையை நோக்கி மக்கள் வரத் தொடங்கினர். 1983 முதல் 2010 வரை நான்கு கட்டங்களாக 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்தனர். பலர் திரும்பிப் போயினர். பலர் இங்கேயே தங்கினர். 2022-இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போதும் குழந்தைகளோடு சில குடும்பங்கள் தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கின.

2021 ஆகஸ்டில் தமிழகச் சட்டமன்றத்தில் தெரிவிக்கப்பட்ட கணக்குப்படி, 108 முகாம்களில் 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே 34,087 பேரும் வாழ்ந்தனர். அப்போதுதான் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றப்பட்டது. நம் கடலூர் மாவட்டத்திலேயே குறிஞ்சிப்பாடி, அம்பலவாணன்பேட்டை ஆகிய இடங்களில் இத்தகைய முகாம்கள் உள்ளன. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்புதுப்பட்டிலும் ஒரு முகாம் இருக்கிறது. பண்ருட்டி, நெய்வேலி, வடலூர் பகுதிகளில் சுவருக்கு வண்ணம் பூசவும் கட்டட வேலைக்கும் வருகிறவர்களில் இம்முகாம்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்கள் பூசிய சுவருக்குள் நாம் குடியிருக்கிறோம்; ஆனால் அவர்களைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும்?

ஆய்வுகள் காட்டும் உண்மை

ஈழத்தமிழரின் மனக்காயங்களைப் பற்றிப் பல ஆண்டுகள் உழைத்தவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். அவரும் மருத்துவர் சிவயோகனும் சேர்ந்து போர்க்காலத்தில் பொதுமக்களிடையே நடத்திய ஆய்வு 1994-இல் பிரித்தானிய மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. போரின் பாதிப்பு எதையும் அனுபவிக்காதவர்கள் அவர்களில் 6 விழுக்காட்டினர் மட்டுமே. 64 விழுக்காட்டினரிடம் மனநலப் பாதிப்பு காணப்பட்டது. அந்தப் பாதிப்புகளில் முதலிடம் எதற்குத் தெரியுமா? மனச்சோர்வுக்கு அல்ல. 41 விழுக்காட்டினரிடம் துயரம் உடல் உபாதையாகவே வெளிப்பட்டது. மனச்சோர்வு 25 விழுக்காடு. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடு நோய் 27 விழுக்காடு.

இன்னோர் ஆய்வு புத்தளத்தில் நடந்தது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் அங்கே ஏறத்தாழ 20 ஆண்டுகள் இடம்பெயர்ந்தவர்களாகவே வாழ்ந்தனர். சிறிவர்த்தனவும் அவருடைய குழுவினரும் அவர்களிடையே நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. மனநலப் பாதிப்பு உடையவர்கள் 18.8 விழுக்காடு, உடல் உபாதையாக வெளிப்படும் பாதிப்பு மட்டும் 14 விழுக்காடு. மனவடு நோயோ 2.4 விழுக்காடுதான். அதாவது, துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து, கொடுங்கனவுகள் குறைந்த பிறகும், உடலின் வலி மட்டும் ஓயாமல் தொடர்ந்தது.

தமிழராயினும் முஸ்லிம்களாயினும், துரத்தியவர் யாராயினும், துரத்தப்பட்டவரின் உடல் பேசும் மொழி ஒன்றாகவே இருக்கிறது. இது ஈழத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. கம்போடியாவில் போல் பாட் ஆட்சியின் கொடுமைகளிலிருந்து தப்பி அமெரிக்கா சென்ற அகதிகள், உடலுக்குள் ‘காற்று’ மேலெழும்பிக் கழுத்தையும் தலையையும் தாக்குவதாகச் சொல்லி மருத்துவர்களிடம் வந்தார்கள். கண்ணில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே பார்வை இழந்த கம்போடியப் பெண்களைப் பற்றி 1980-களில் கலிபோர்னியாவில் பதிவு செய்யப்பட்டது. சுவீடன் நாட்டில், புகலிடம் மறுக்கப்படுமோ என்ற நிலையில் வாழ்ந்த அகதிக் குடும்பங்களின் குழந்தைகள் சிலர் பேசாமல், உண்ணாமல், அசையாமல் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தனர்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

ஆபத்து வரும்போது நம் உடல் தானாகவே இரண்டில் ஒன்றுக்குத் தயாராகிறது: எதிர்த்து நிற்க, அல்லது ஓடித் தப்ப. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். இதுவே படைப்பின் ஒழுங்கு.

ஆனால் குண்டுவீச்சுக்கு நடுவே பல ஆண்டுகள் வாழ்ந்தவரின் உடல், ஆபத்து நீங்கியதை நம்ப மறுக்கிறது. மேலே விமானம் பறந்தாலும், தீபாவளி வெடி வெடித்தாலும், சீருடை அணிந்தவர் வாசலில் நின்றாலும் அது மறுபடியும் தயாராகிவிடுகிறது. எந்நேரமும் இறுகியிருக்கும் கழுத்து, தோள், முதுகுத் தசைகள் வலிக்கத் தொடங்குகின்றன. அறியாமலேயே வேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலைச்சுற்றலும் கை கால் விறைப்பும் வருகின்றன. குடலின் இயக்கம் மாறி வயிற்றுவலி உண்டாகிறது. தூக்கமோ பாதியாகிறது. தூக்கம் குறையக் குறைய வலியைத் தாங்கும் சக்தியும் குறைகிறது. வலி தூக்கத்தைக் கெடுக்க, தூக்கமின்மை வலியைக் கூட்ட, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

எவையெல்லாம் இதைக் கூட்டுகின்றன?

ஒரே போரிலிருந்து, ஒரே படகில் வந்த இருவரில் ஒருவர் தேறிவிடுகிறார். மற்றவர் 20 ஆண்டுகள் வலியோடு வாழ்கிறார். ஏன் இந்த வேறுபாடு? பல காரணிகள் ஒன்று சேர்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பட்ட காயங்களின் எண்ணிக்கையும் கொடுமையும். ஒரு முறை இடம்பெயர்ந்தவரைவிட, ஏழெட்டு முறை மூட்டை கட்டியவருக்குப் பாதிப்பு அதிகம். சித்திரவதைக்கு உள்ளானவர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்களுடைய வலியில் உடற்காயமும் மனக்காயமும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. உள்ளங்காலில் அடிபட்டவருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் நடக்கும்போது வலிக்கும். அதை மனப்பிரச்சினை என்று மட்டும் சொல்வது அநீதி.

இரண்டாவது, முடிவு தெரியாத இழப்பு. இறந்தவருக்காக அழலாம், அடக்கம் செய்யலாம், ஆண்டு நினைவு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம், திவசம் கொடுக்கலாம். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு என்ன செய்வது? 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது படையினரிடம் ஒப்படைத்த பிள்ளைகளைத் தேடி இன்றும் தாய்மார் வடகிழக்கில் படங்களை ஏந்தி நிற்கிறார்கள். அவர்களின் உறவினர் நம் முகாம்களிலும் இருக்கிறார்கள். அழுகையை முடிக்க வழியில்லாத துயரம் உடலில் தங்கிவிடுகிறது.

மூன்றாவது, மனச்சோர்வும் மனவடு நோயும். இவை உள்ளவர்களிடம் உடல் உபாதைகள் பெருகுவதை அகதிகளிடையே நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பல நேரங்களில் மனச்சோர்வு ‘கவலையாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ‘உடம்பு ஏலாமல் இருக்கு’ என்றுதான் வருகிறது.

நான்காவது, பெண்களின் சுமை. அகதிகளிடையே பெண்கள், அதிலும் கணவனை இழந்தவர்களும் பிரிந்தவர்களும், இத்தகைய துன்பத்திற்கு அதிகம் ஆளாகின்றனர். புத்தளம் ஆய்வில் மனநலப் பாதிப்போடு சேர்ந்து வந்த காரணிகள் மூன்று: கணவனையோ மனைவியையோ இழந்த அல்லது பிரிந்த நிலை, வேலையின்மை, உணவுக்கு உத்தரவாதம் இல்லாமை. பசியைப் பிணி என்றே அழைத்து, 1867-இல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலாரின் வடலூர் நமக்கு மிக அருகில்தான் இருக்கிறது. அடுத்த வேளை உணவு உறுதியில்லாத வீட்டில் உடலும் உறுதியாக இருக்காது என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். ஆண்களின் கதையும் மறக்கத்தக்கதல்ல. சொல்ல முடியாத துயரத்தைச் சிலர் மதுவில் கரைக்கப் பார்க்கின்றனர். அந்தச் சுமையும் வீட்டுப் பெண்ணின் உடலில்தான் இறங்குகிறது.

ஐந்தாவது, வந்த இடத்து வாழ்க்கை. இதுவே நாம் மிகுதியாகச் சிந்திக்க வேண்டியது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய தமிழரிடையே 1990-களில் ஸ்டீல், சிலோவ் முதலிய அறிஞர்கள் நடத்திய ஆய்வு, போரில் பட்ட துன்பம் மட்டுமன்றி, புகலிட நாட்டில் படும் துன்பமும் மனவடுவின் அறிகுறிகளைக் கூட்டுகிறது என்று காட்டியது. 2009-இல் யாழ் மாவட்டத்தில் நடந்து 2011-இல் வெளியான ஆய்விலும், அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் மனப்பதற்றம், மனச்சோர்வு, மனவடு மூன்றும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன.

நம் முகாம்களில் அந்த வாழ்க்கை எப்படி இருக்கிறது? பல ஆண்டுகளாகப் பத்தடிக்குப் பத்தடி அளவிலான அறைக்குள் ஒரு முழுக் குடும்பம் வாழ்ந்தது. மாமியாரும் மருமகளும், வளர்ந்த பெண்ணும் பையனும் ஒரே அறையில். ஊருக்குப் போக அனுமதி, திரும்பி வந்தால் பதிவு, குறிப்பிட்ட நாளில் அதிகாரிகள் முன் நேரில் நின்று தன் இருப்பைக் காட்டல். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்துப் பட்டம் பெற்ற இளைஞருக்கும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வழியில்லை. அப்பா பிடித்த அதே தூரிகையைப் பிடிக்கிறார். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தோர் சேர்க்கப்படவில்லை. ‘நாளைக்கு எங்களை என்ன செய்வார்கள்?’ என்ற கேள்வி 40 ஆண்டுகளாகத் தலைக்கு மேல் தொங்கினால், தலைவலி வராமல் என்ன செய்யும்?

மாற்றங்கள் வந்திருக்கின்றன என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். 2021-இல் தமிழக அரசு 317.40 கோடி ரூபாய் மதிப்பில் திட்டங்களை அறிவித்தது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதும் அவற்றில் ஒன்று. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், சிறுவர்களுக்கு 500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. இவை வீட்டுத் திட்டங்களாகவும் சட்ட ஆணைகளாகவும் நமக்குத் தோன்றலாம். ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கக்கூடிய ஒரு வீடு, தண்டனை வராது என்ற ஓர் உறுதி, இவை மருந்துக்கும் மேலான மருந்து.

ஆறாவது, சொல்ல வழியில்லாமை. ‘மனசு சரியில்லை’ என்று மருத்துவரிடம் போனால் ‘பைத்தியம்’ என்ற பெயர் வந்துவிடும் என்ற அச்சம் நம் சமூகம் முழுவதிலும் உண்டு. மகளுக்கு வரன் தேடும் வீட்டில் அந்த அச்சம் இரு மடங்கு. ‘முதுகு வலிக்கிறது’ என்று சொல்வதில் அவமானம் எதுவும் இல்லை. அரசு மருத்துவமனையின் நீண்ட வரிசையில், ஓரிரு நிமிடமே கிடைக்கும் இடத்தில், வலியைச் சொல்லத்தான் நேரம் உண்டு. வாழ்க்கையைச் சொல்ல நேரம் இல்லை. திறந்திருக்கும் கதவு எதுவோ, அதன் வழியாகத்தானே துயரம் நுழையும்?

இதில் பேச்சு வழக்கும் ஒரு தடை. இலங்கைத் தமிழர் தலைவலியைத் ‘தலையிடி’ என்பர். இடுப்பு, முதுகுவலியை ‘நாரி நோ’ என்பர். வாந்தியைச் ‘சத்தி’ என்பர். மூச்சிரைப்பை ‘முட்டு’ என்பர். மனதைக் குடையும் ஓயாத கவலைக்கு அவர்களிடம் உள்ள சொல் ‘யோசனை’. ‘ஒரே யோசினை டொக்டர்’ என்று ஒரு தாய் சொன்னால், அது ஏதோ திட்டம் போடுவது அல்ல. தூக்கத்தைக் கெடுக்கும் துயரம் என்று நம்மூர் மருத்துவருக்கும் செவிலியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு தவறான பதில்கள்

இத்தகைய வலியோடு வருகிறவருக்கு நம் சமூகம் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றைத் தருகிறது. இரண்டும் தவறானவை.

முதல் பதில்: ‘உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை.’ இதைக் கேட்டவர் அடுத்த மருத்துவரிடம் போகிறார். மறுபடியும் ஊசி, மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் கடன். தன்னை யாரும் நம்பவில்லை என்ற வேதனை பழைய வலியோடு சேர்ந்துகொள்கிறது. இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. இரத்தசோகை, தைராய்டு கோளாறு, காசநோய், உடலுக்குள் தங்கிவிட்ட குண்டுச் சிதறல் போன்றவை கவனிக்கப்படாமலே போய்விடலாம். எனவே முதலில் முறையான பரிசோதனை வேண்டும். காய்ச்சல் நீடித்தாலோ, எடை குறைந்தாலோ, இரத்தம் கலந்து வெளியேறினாலோ, கை கால் ஒரு பக்கம் வலுவிழந்தாலோ, நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, ‘இது கவலையால் வந்தது’ என்று யாரும் முடிவு கட்டக்கூடாது.

இரண்டாவது பதில்: ‘இது செய்வினை, பேய் பிடித்திருக்கிறது.’ எல்லாச் சமயத்தவரிடமும் உள்ள இந்த எண்ணம் நம் மக்களிடமும் உண்டு. தலையை விரித்துப் போட்டு ஆட வைப்பதும், மருந்தை நிறுத்திவிட்டு விசுவாசத்தால் குணமடையச் சொல்வதும் துன்புற்றவரை மறுபடியும் துன்புறுத்துவதாகும். செபம் வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. செபம் மருத்துவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் நோயுற்று, மருத்துவர்களிடம் தன் உடைமையெல்லாம் செலவழித்த பெண்ணைப் பற்றி நற்செய்தியில் வாசிக்கிறோம். இயேசு அவரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, நடந்தவை அனைத்தையும் சொல்லக் கேட்டார் என்பதைக் கவனிப்போம். குணமளித்த பின்பும் கேட்க நேரம் ஒதுக்கினார்.

எது உதவுகிறது?

நல்ல மருத்துவம் என்பது ஊசியும் மாத்திரையும் மட்டுமல்ல. ஒரே மருத்துவர் தொடர்ந்து பார்ப்பது, பரிசோதனைகளை அளவோடு செய்வது, ‘உங்கள் வலி உண்மை, உங்கள் கவலையும் உண்மை, இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்’ என்று சொல்வது, இவையே பாதி சிகிச்சை. மனச்சோர்வு இருந்தால் அதற்கான மருந்துகள் பயன் தரும். தூக்க ஒழுங்கு, நடைப்பயிற்சி, மெதுவான மூச்சுப் பயிற்சி ஆகியவை இறுகிய தசைகளைத் தளர்த்தும்.

மருத்துவர் தயா சோமசுந்தரம் இதில் ஒரு நல்ல வழியைக் காட்டினார். மேலை நாட்டு முறைகளை அப்படியே இறக்குமதி செய்யாமல், மக்களின் கையில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்தச் சொன்னார். இந்துக்களுக்கு மந்திர உச்சரிப்பு, முஸ்லிம்களுக்கு திக்ரு, கத்தோலிக்கருக்குச் செபமாலை என, ஒரே சீராகத் திரும்பத் திரும்பச் சொல்லும் வேண்டுதல் மூச்சையும் மனதையும் அமைதிப்படுத்துகிறது. நம் பாட்டிமார் செபமாலை மணிகளை உருட்டிக்கொண்டே உறங்கிப் போனதன் மருத்துவப் பயன் இதுதான்.

மனநல மருத்துவர் இல்லாத ஊர்களிலும் வழி உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஒரு முறையின்படி, பயிற்சி பெற்ற சாதாரண மக்களே ஐந்து அமர்வுகளில், பிரச்சினைகளை ஒவ்வொன்றாகக் கையாளவும், பதற்றத்தைத் தணிக்கவும், உறவுகளைப் பலப்படுத்தவும் கற்றுத் தரலாம். நம் தமிழகத்தில் 1984-இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் கழகம் அகதிகளையே தொண்டர்களாகப் பயிற்றுவித்தது. 1980-இல் இயேசு சபையின் தலைவர் பேத்ரோ அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி, முகாம் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்து வருகிறது. தன் பேச்சு வழக்கிலேயே பேசும், தன் ஊரை அறிந்த ஒருவர் காது கொடுத்துக் கேட்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

நம் பங்கு

போரில் நடந்ததை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் மேலே சொன்ன காரணிகளில் பாதிக்கு மேற்பட்டவை இன்றைய வாழ்வைச் சேர்ந்தவை. அவை மனிதரால் மாற்றக் கூடியவை. இதுவே நம்பிக்கை தரும் செய்தி. நம் பொறுப்பைச் சொல்லும் செய்தியும் இதுவே.

முகாமிலிருந்து வேலைக்கு வருகிறவருக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கூலியைக் கொடுப்போம். அன்பியக் கூட்டங்களுக்கும் திருவிழாக்களுக்கும் முகாம் குடும்பங்களை விருந்தாளிகளாக மட்டுமல்ல, பொறுப்பாளர்களாகவும் அழைப்போம். வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு சந்திக்கச் செல்லும்போது, அரிசியோடு அரை மணி நேரத்தையும் எடுத்துச் செல்லட்டும். ‘நாரி நோ எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், அதன் பின்னால் இருக்கும் கதை தானாக வரும். அதைத் தோண்டித் துருவ வேண்டாம். சொல்கிற அளவுக்குக் கேட்டால் போதும். நம் நடுவே உள்ள மருத்துவர்களும் செவிலியர்களும் மாதம் ஒரு முறையாவது முகாமில் அமர்ந்து, அவசரமில்லாமல் நோயாளிகளைப் பார்க்கலாம்.

மனநல உதவிக்கு, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் உள்ளனர். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், 104 என்ற தமிழக அரசின் எண்ணிலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ‘இனி வாழ்ந்து என்ன பயன்?’ என்று யாராவது சொன்னால் அதை வெறும் பேச்சாக விட்டுவிடாமல், அவரைத் தனியே விடாமல், அன்றே உதவி தேடுவோம்.

நெய்வேலியைச் சுற்றி வாழும் நமக்கு மண்ணை விட்டுப் பிரிவது புதிதல்ல. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவான காலந்தொட்டு, சுரங்கத்திற்காக வீட்டையும் வயலையும் குலதெய்வக் கோயிலையும் விட்டுக் கொடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சில கல் தொலைவுக்கு நகர்ந்ததற்கே, பழைய ஊரின் பெயரைச் சொல்லும்போது அவர்களின் குரல் தழுதழுக்கிறது. கடல் கடந்து வந்தவரின் வலியை நாம் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

திருக்குடும்பமும் ஒரு காலத்தில் இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடிய அகதிக் குடும்பமே. அவர்களுக்கு அங்கே யாரோ ஒருவர் கதவைத் திறந்திருக்க வேண்டும். தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். வேலை கொடுத்திருக்க வேண்டும். நற்செய்தி அவர்களின் பெயரைச் சொல்லவில்லை. குறிஞ்சிப்பாடியிலும் அம்பலவாணன்பேட்டையிலும் அந்தப் பெயர் தெரியாத அயலாராக வாழும் வாய்ப்பு இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அடுத்த முறை ஒருவர் ‘உடம்பெல்லாம் நோகுது’ என்று சொல்லும்போது, பதில் சொல்வதற்கு முன் சற்று அமர்ந்து கேட்போம்.